நாள் தள்ளிப் போனா யாருகிட்ட சொல்றது?

அரூர் பஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு.
"நாள் தள்ளிப் போச்சுக்கா. மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் வெளிய சொல்லலாம்னு அத்தை சொல்லிட்டாங்க."

மனசு கேக்கல.

ஊருக்குச் சொல்ல வேணாம், சரி.
நர்ஸம்மாகிட்டயுமா?

வாந்தி வரட்டும்னு காத்திருக்கவும் வேணாம். வாந்தி வந்தாதான் கர்ப்பம்னு இல்ல.
சிலருக்கு வாந்தியே வராது.
அசதி, மார்பு கனத்து வலிக்கிறது, அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது, இதெல்லாமும் அறிகுறிதான்.
சிறுநீர் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துல 18,000 ரூபாய் உதவிக்கு 12 வாரத்துக்குள்ள பதியணும்.
பணம்கூட அப்புறம்.
பிள்ளையோட மூளையும் தண்டுவடமும் உருவாகுறது முதல் சில வாரத்துலதான். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அப்பவே வேணும்.
ரத்தசோகை இருந்தாலும் சீக்கிரம் தெரியணுமே!

உங்க வீட்ல எத்தனாவது வாரத்துல நர்ஸம்மாகிட்ட சொன்னீங்க?