கச்சான் அடிக்கட்டும்

காரைதீவில் மரத்தோடு புழங்குகிறவனுக்கு வருடத்தில் பருவம் இரண்டுதான். ஒன்று மாரி, மற்றது கச்சான். மாரி இறங்கிவிட்டால் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும், அலுமாரி இழுப்பறை வெளியே வர மறுக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மழையை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் வற்றி, சூடேறி நம் கிழக்குக் கரைக்கு இறங்குகிறது. அதுதான் கச்சான். அது வீசத் தொடங்கினால் அதே கதவு கழன்றுவிடுமோ என்னும்படி ஆடும். பிறந்ததிலிருந்து பார்த்து வந்ததுதான். ஆனால் அதற்கு எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்பது, சொந்தக் கையால் ஒரு கிற்றார் செய்ய உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஏன் கிற்றார் என்று கேட்டவர்கள் பலர். இந்தக் கரைக்கு அது அந்நியமான வாத்தியமல்ல. மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாண வீடுகளில் வயலினோடு சேர்ந்து அது ஒலித்து வந்திருக்கிறது. ஆனால் ஒரு வாத்தியத்தைச் செய்து பார்க்கவே வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து. விபுலானந்த அடிகள் 1892இல் இங்கே பிறந்தார். தமிழ்ப் பேராசிரியராகவே அவரை உலகம் அறியும். அவர் முதலில் விஞ்ஞானம் படித்தவர், லண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டதாரி. நானும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் அவர் எழுதிய ‘யாழ் நூலை’ அந்தக் கண்ணோடுதான் திறந்தேன். யாழுறுப்பியல் என்றே அதில் ஓர் இயல் இருக்கிறது. பத்தர், போர்வை, கோடு, திவவு என்று, யாரும் வாசிக்காமல் மறைந்துபோன ஒரு வாத்தியத்தை உறுப்புறுப்பாகக் கூட்டி எழுப்புகிறார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியபோது, அவர் ஆய்வின்படி செய்த யாழ்களையும் ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார். எழுதினால் போதாது, செய்து ஒலிக்கவிட வேண்டும் என்று நினைத்த அந்த மனம் என்னைப் பிடித்துக்கொண்டது.

மரத்தில்தான் முதலில் மனம் தளர்ந்தேன். கிற்றாரின் மேற்பலகைக்கு ஐரோப்பிய ஸ்புரூஸ் வேண்டும், பின்பலகைக்கு ரோஸ்வூட் வேண்டும் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் மரக்காலைகளில் கிடைப்பது தேக்கு, முதிரை, மகோகனி, பலா. நம்மிடம் இருப்பது தாழ்ந்தது என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதை அப்போதுதான் கண்டேன். அதிலிருந்து என்னை வெளியே இழுத்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ். இன்றைய கிற்றாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர். ஒலி பிறப்பது மேற்பலகையில்தான் என்று நிரூபிக்க, 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் வெறும் காகித அட்டையால் செய்து ஒரு கிற்றார் கட்டினார். அவர் மறைந்ததும் எங்கள் அடிகள் பிறந்த அதே 1892இல்தான். இதில் காரண காரியம் ஒன்றுமில்லை என்று தெரியும். இருந்தாலும் அதை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷம். அமெரிக்காவில் கிற்றார் செய்யும் பொப் டெய்லரும் 1995இல், சரக்கு அடுக்கும் தட்டுப் பலகையை வைத்தே கிற்றார் செய்து காட்டினார்.

அதனால் பழைய வீட்டின் பலாக் கதவொன்றை மெல்லிசாக வாரி, பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் எடுத்துக்கொண்டேன். வீணை பலாவில் கடையப்படும்போது கிற்றாருக்கு மட்டும் அது ஆகாதா? மேற்பலகைக்கு, கல்முனைக் கடைக்குச் சாமான் வந்திறங்கிய பைன் பெட்டியில் ரேகை நெருக்கமான துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். பக்கப் பலகையை 2 மில்லிமீற்றருக்குச் சீவி, நனைத்து, உள்ளே நெருப்பு வைத்த இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்க வேண்டும். கொஞ்ச நேரம் பலகை விறைத்துக்கொண்டு கையை எதிர்க்கும். தண்ணீர் சீறும், பலா இனிப்பாக மணக்கும். பிறகு, எந்தக் கணம் என்று சொல்ல முடியாது, பிடிவாதம் விட்டுப்போய்க் கைக்கு இணங்கி வரும். அந்த இளக்கத்துக்காகவே இன்னொரு கிற்றார் செய்யலாம்.

விரற்பலகையில் பதிக்கும் மெட்டுக்கள் வெறும் கணக்கு. கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் வரும், மிச்சத்தைத் திரும்பவும் வகுத்தால் அடுத்தது. 650 மில்லிமீற்றர் கம்பிக்கு முதலாவது 36.5இல் விழும்.

பயம் வந்தது மேற்பலகையைச் சீவும்போது. ஆறு உருக்குக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ பாரத்துக்கு இழுக்கும். அதைத் தாங்க வேண்டிய பலகை 3 மில்லிமீற்றர்கூட இல்லை. 3 மில்லிமீற்றரை 2.4 ஆக்கினால் விறைப்பு பாதியாகிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். கணக்குத் தெரிந்ததால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. சாய்ந்தமருதில் எனக்குப் பழக்கமான ஓடாவி ஒருவரிடம் பலகையைக் கொண்டுபோனேன். விரலால் தட்டினார், காதருகே பிடித்து மறுபடி தட்டினார்.

“தம்பி, மேசைக்கா பலக சீவுற, றபானுக்கா?”

“பாட்டுக்குத்தான் காக்கா.”

“அப்ப இன்னும் சீவு. இது இன்னும் மேசதான்.”

றபான் தோல் போர்த்திய மேளம். யாழின் குடமான பத்தரையும் தோலால் போர்த்தியது எதற்காக என்பது அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. கம்பி அசைந்தால் அதுவும் அசைய வேண்டும். உடையாத அளவுக்குத்தான் உறுதி, அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு இழையும் ஒலிக்குத் தடை. வீட்டுக்கு வந்து சீவுளியைப் பிடித்தேன். தட்டும்போது கேட்ட அடைத்த சத்தம் மெல்ல மெல்லத் திறந்து, ஒரு சுரம் போல நீண்டது.

இனி மேற்பலகையை அடியிலிருந்து தாங்கும் உள்சட்டங்களை ஒட்ட வேண்டும். அப்போது மார்கழி, பள்ளிக்கூட விடுமுறை. அதற்குள் முடித்துவிட எனக்குத் துடிப்பு. காக்கா விடவில்லை.

“ஒட்டுற வேலய இப்ப தொடாத. கச்சான் அடிக்கட்டும்.”

மரம் ரேகைக்குக் குறுக்கேதான் ஊதும், சுருங்கும். நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம். உள்சட்டங்கள் மேற்பலகையின் ரேகைக்குக் குறுக்கே ஓடுகின்றன. மாரியில் ஊதியிருக்கும் பலகையில் அவற்றை ஒட்டிவிட்டால், கச்சான் வந்ததும் பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. நடுவில் வெடிக்க வேண்டியதுதான். உலர்ந்த காலத்தில் ஒட்டினால் மாரியில் பலகை கொஞ்சம் மேலே புடைக்கும், அவ்வளவே. காற்றின் ஈரப்பதன் 45 சதவீதத்தில் நிற்கும் அறையில் ஒட்டு என்கிறது புத்தகம். அப்படி அறை இல்லாதவனுக்குக் கச்சான் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுத முடியாது, எழுதியவர்கள் இந்தக் கரையில் இருந்ததில்லை. ஈரப்பதனை வருடாவருடம் கரும்பலகையில் விளக்கியவன் நான். அதன் பெயரில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டி வந்தபோதுதான் அது எனக்கு உள்ளபடி விளங்கியது.

அந்த ஆறு மாதமும் பலகைகளை அடுப்படி அட்டத்தில் வைத்து, அடிக்கடி எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஒலி மாதாமாதம் மாறிக்கொண்டே வந்தது. ஆனியில் கச்சான் எழும்பி, முற்றத்து மண் பறந்து, உதடு வெடிக்கத் தொடங்கிய கிழமையில் பசையைக் கையில் எடுத்தேன்.

கிற்றார் இன்று வாசிப்பில் இருக்கிறது. அடித்தொனி கொஞ்சம் மெலிவு, மேல்தொனியில் தெளிவு அதிகம். பலாவுக்கும் பைனுக்கும் அப்படியொரு குரல் என்று எடுத்துக்கொண்டேன். மாரியில் மேற்பலகை புடைத்துக் கம்பி விரலுக்கு உயர்ந்துவிடுகிறது. அதற்காகக் கல்முனை இறைச்சிக் கடையில் மாட்டெலும்பு வாங்கி, அவித்துக் கழுவிக் காயவைத்து, கம்பி தாங்கும் துண்டுகள் இரண்டு அராவி வைத்திருக்கிறேன். பதிவானது மாரிக்கு, உயரமானது கச்சானுக்கு. தைப்பொங்கல் கழிய மாற்றுவேனா, சித்திரை வரை பொறுப்பேனா என்பதைக் கதவுதான் சொல்லும்.