விதையும் மண்ணும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். என் தந்தையாருக்குக் கைநாட்டுத்தான். 2019-ஆம் ஆண்டு என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னபோது, அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்து அந்தக் கைநாட்டை வைத்தவர் அவர்தான். கட்டியை எடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து நோய் முதுகெலும்பில் தலைகாட்டியது, அத்தை மறைந்தார். "கத்தி பட்டதால்தான் பரவிவிட்டது" என்றது ஊர். அப்பா அதை நம்பினார். தங்கையைத் தாமே கொன்றுவிட்டதாக எண்ணி உள்ளுக்குள் மருகினார்.

இவ்வாண்டு செல் உயிரியல் பாடம் வந்ததும் அந்தக் கேள்வியோடு நூலகத்திற்குப் போனேன். 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்தார். இரத்தம் எல்லா உறுப்புகளுக்கும்தான் பாய்கிறது. ஆயினும் நோய் கல்லீரலில் மிகுதியாகவும் மண்ணீரலில் மிகக் குறைவாகவும் பரவியிருந்தது. விதை எத்திசையும் போகலாம். ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர்.

அந்த மண்ணும் சும்மா கிடப்பதில்லை. எலும்பில் குடியேறும் புற்றுச் செல், ஹார்மோன் போன்ற ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தச் சைகையைப் பெற்ற எலும்பாக்கும் செல்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதனுள் தேங்கியிருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளிப்பட்டுப் புற்றுச் செல்லுக்கே உரமாகின்றன. அது மேலும் சுரக்க, எலும்பு மேலும் கரைகிறது. கரைக்கும் செல்களை அடக்கி இந்தச் சுழலைத் தடுக்கும் மருந்துகள் இன்று உண்டு.

பொங்கல் விடுமுறையில், களை எடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே சில செல்கள் இரத்தத்தில் கலந்து போயிருக்கக்கூடும் என்றேன். அவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, அப்படின்னா நான் கைநாட்டு வைக்கிறதுக்கு முந்தியே விதை எலும்புக்குப் போயிருக்குமா?"

"போயிருக்கலாம்ப்பா. அன்னைக்கு அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கட்டியை எடுத்தது தப்பே இல்லை."

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "உன் சின்னம்மாவும் ஒரு கட்டியை மறைச்சு வச்சிருக்காளாம். கத்திக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேங்குறா. அவகிட்டயும் இதைச் சொல்லும்மா" என்றார்.

மறுநாள் முதல் பேருந்தில் சின்னம்மாவை அழைத்துக்கொண்டு நானும் அப்பாவும் மருத்துவமனைக்குப் போனோம்.

நண்பர்களே! கத்திக்கு அஞ்சிக் கட்டியை மறைப்போர் நம் வீடுகளில் இன்னும் உண்டு. நாம் படித்ததை அவர்களுக்குப் புரியும் சொல்லில் சொல்லுவோம்.