கடலூரிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு!

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். துறைமுகம் நடக்கிற தூரம். காற்று கிழக்கே இருந்து அடித்தால் கருவாட்டு வாசனை கூடத்துக்குள் வந்துவிடும். கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதே இல்லை. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

தீபாவளி லீவில் அட்லஸை எடுத்து வந்து தரையில் விரித்தாள். கடலூர் மேல் ஸ்கேலை வைத்து, வங்கக்கடலுக்குக் குறுக்கே நேர்கிழக்காக ஒரு கோடு இழுத்தாள். "அம்மா, இது எங்க போய் முட்டுது பாரு!"

அந்தமான்! கடலூரும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே 11.6 டிகிரிக்கும் 11.8 டிகிரிக்கும் இடையில்தான். நடுவில் சுமார் 1,400 கிலோமீட்டர் தண்ணீர். "நம்ம எதிர்வீடு மாதிரிதாம்மா. போலாமா? ஸ்கூபா டைவிங் பண்ணலாமா?" என்றாள்.

திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டி, இங்க இருக்கிற கடல் பத்தாதா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வரும் மீன்கார அக்காவுக்காக அம்மா சட்டியைக் கழுவி வைத்துக் காத்திருந்தார். வஞ்சிரம் கொண்டு வருவதாக அந்த அக்கா சொல்லியிருந்தாராம். காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை இங்கே வந்துவிட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீன்கார அக்கா அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

அன்றிலிருந்து அம்மா வெள்ளிக் கடற்கரைக்குப் போனதில்லை. மாசி மகத்துக்குக்கூட வீட்டிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். அந்தமானிலும் நிக்கோபாரிலும் அதே அலைதான், எங்களுக்கு முன்பே அடித்தது. நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கும் இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. 'எதிர்வீடு' என்று மகள் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். ஒரே துக்கத்தைப் பார்த்த இரண்டு வீடுகள்.

எந்தத் தீவு?

அம்மாவைப் பிறகு சமாதானம் செய்யலாம் என்று நானும் கணவரும் விசாரிக்க ஆரம்பித்தோம். மாலத்தீவுக்கு பாஸ்போர்ட் வேண்டும், செலவும் அதிகம். லட்சத்தீவு அழகு, ஆனால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அகத்திக்கு விமானங்களும் குறைவு. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு; ஆனால் அது 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்தபடி போய் மூழ்க முடியாது. அந்தமானின் முக்கியச் சுற்றுலாத் தீவுகளுக்கு நமக்குத் தனி அனுமதி தேவையில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். கப்பலும் இருக்கிறது, ஆனால் மூன்று நாள் ஆகும்.

இன்னொரு வசதி, அங்கே தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயிலே இருக்கிறது. 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஸ்கூபாவுக்குப் பெயர் பெற்ற ஹேவ்லாக் தீவு 2018 முதல் 'ஸ்வராஜ் தீவு'. டிக்கெட் தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

எப்போது போவது? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், படகுகள் ரத்தாகும். கேரளாவுக்கு வருவதற்கு முன்பே, மே மாத நடுவிலேயே அந்தமானுக்கு மழை வந்துவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக, தெளிவாக இருக்கும். மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசி வாரம் என்று முடிவு செய்தோம்.

மூச்சை அடக்கக் கூடாது!

ஸ்கூபா என்றால் நமக்கு வேண்டிய காற்றை நாமே முதுகில் சுமந்துகொண்டு மூழ்குவது. 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்று எல்லோரும் சொல்கிறோம், அது தவறு. அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்று, அழுத்தி அடைக்கப்பட்டது. வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டர், ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் அந்தக் காற்றைத் தரும். பிரான்ஸைச் சேர்ந்த ழாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் 1943-ல் உருவாக்கிய கருவியின் வழி வந்தது இது.

தூத்துக்குடிப் பக்கம் முத்தும் சங்கும் குளித்தவர்கள், கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்கினார்கள். ஸ்கூபாவில் முதல் விதியே அதற்கு நேர்மாறு. எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. ஏன்?

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும் ஆபத்து உண்டு. அதனால்தான் மெதுவாக, மூச்சு விட்டுக்கொண்டே ஏறச் சொல்கிறார்கள். இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் அடைப்பு விடும். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வருவதற்கு முன்பே அடிக்கடி ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவிங் கிடையாது.

முதல்முறை போகிறவர்களுக்கு 'அறிமுக டைவ்' இருக்கிறது. நீச்சல் தெரியாவிட்டாலும் போகலாம். பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். 10 வயது ஆகியிருக்க வேண்டும். நாங்கள் விசாரித்தபோது ஆளுக்கு 4,000 முதல் 6,500 ரூபாய் வரை சொன்னார்கள். சான்றிதழோடு தனியாக டைவ் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் மூன்று, நான்கு நாள் படிப்பு. அதற்கு நீச்சல் கட்டாயம், 18 மீட்டர் வரை போகலாம்.

ஒரு கேள்வி, ஒரு டிக்

அந்தமான் வரை போய் முதன்முதலாக மாஸ்க் மாட்ட வேண்டாம், பக்கத்திலேயே பழகிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டர் கூட இல்லை. அங்கே நீச்சல்குளத்தில் சொல்லித்தருகிறார்கள். கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்து அங்கேயும் கூட்டிப் போகிறார்கள்.

குளத்துக்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம் வந்தது. இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். கணவரும் மகளும் மளமளவென்று 'இல்லை' போட்டார்கள். எனக்கும் எல்லாம் 'இல்லை'தான், ஒரு கேள்வியைத் தவிர. 'ஆஸ்துமா அல்லது வீசிங் உண்டா?'

சின்ன வயதில் மார்கழி முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்தவள் நான். இப்போது அவ்வளவாக இல்லை. போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இன்ஹேலர் எடுத்தேன், அவ்வளவுதான். 'இல்லை' என்று டிக் போட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் அந்தப் படிவத்தை போனில் திறந்து திறந்து மூடினேன். உண்மையைச் சொன்னால், பேனா 'இல்லை' பக்கம்தான் போனது.

என்னைத் தடுத்தது, மகள் ஒப்பிக்கும் அந்தப் பாடம்தான். பத்து மீட்டர், இரண்டு மடங்கு. சுருங்கிய மூச்சுக்குழாயில் காற்று மாட்டிக்கொண்டு அது விரிந்தால்? அங்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கப்போவது நான்தானே?

'ஆம்' போட்டேன். மருத்துவரிடம் போனேன். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்தார். "வீசிங் கட்டுப்பாட்டுல இருக்கிற சிலருக்கு நாங்க அனுமதி குடுக்கறது உண்டும்மா. உங்களுக்கு இந்த வருஷம் கையெழுத்து போடமாட்டேன். மேல மிதந்துகிட்டே பாருங்க, அதுவே அழகாத்தான் இருக்கும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் கொஞ்சம் அழுதேன், அதையும் மறைப்பானேன்.

புதுச்சேரி குளத்தில் அப்பாவும் மகளும் இறங்க, நான் துண்டு பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். தண்ணீருக்கடியில் பயிற்சியாளர் "எப்படி இருக்கு?" என்று சைகையில் கேட்டிருக்கிறார். இவள் 'சூப்பர்' என்று கட்டைவிரலை உயர்த்த, அவர் உடனே மேலே கூட்டி வந்துவிட்டார்! டைவிங்கில் கட்டைவிரல் என்றால் 'மேலே போகலாம்'. நன்றாக இருக்கிறது என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். அன்று முழுக்க வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டாலும் வட்டம்தான்.

எங்கள் ஏழு நாள் திட்டம்

முதல் நாள்: கடலூரிலிருந்து இரவுப் பேருந்தில் தாம்பரம், அங்கிருந்து விமான நிலையம். காலை விமானம். மாலையில் செல்லுலார் சிறை. அங்கே சூரியன் சீக்கிரம் உதித்துச் சீக்கிரம் மறையும். நம் கடிகாரம்தான், ஆனால் நாம் இருப்பது அவ்வளவு கிழக்கே. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

இரண்டாம் நாள்: படகில் ஹேவ்லாக். தனியார் படகு என்றால் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகு இரண்டரை மணி நேரம். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: டைவிங். முதல்முறைக்காரர்களைப் பெரும்பாலும் நீமோ ரீஃப் போன்ற ஆழம் குறைந்த இடங்களுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள்.

நான்காம் நாள்: காலியாக விட்டிருக்கிறோம். கடல் சரியில்லை என்று மூன்றாம் நாள் தள்ளிப்போனால் இது கைகொடுக்கும். முழுத் திட்டத்திலும் இதுதான் முக்கியமான நாள் என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள்: ராதாநகர் கடற்கரை. ஆறாம் நாள்: படகில் திரும்புதல். ஏழாம் நாள்: விமானம். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் இடைவெளி வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் உயரத்தில் பறந்தால் அது குமிழியாகித் தொல்லை தரும்.

நினைவில் வைக்க...

* மருத்துவப் படிவம் கேட்காத இடத்தில் டைவ் செய்யாதீர்கள். 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

* பயிற்சியாளரின் சான்றிதழைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர்தானா என்றும் கேளுங்கள்.

* பவளத்தைத் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள். அது பாறை அல்ல, உயிர். அங்கிருந்து பவளத் துண்டு எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

* அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலை நனைக்கவே வேண்டாம்.

* சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020-ல் இணைய வசதியை மேம்படுத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் சின்னத் தீவுகளில் சிக்னலை நம்பாமல் கையில் கொஞ்சம் பணம் வைத்திருங்கள்.

நாலாவது டிக்கெட்

ஜனவரியில் ஓர் இரவு, மூன்று பேருக்கு டிக்கெட் போட உட்கார்ந்தோம். மகள் பாட்டியிடம் போனில் ஒரு வீடியோ காட்டிக்கொண்டிருந்தாள். கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் ஒளிந்து விளையாடுகிறது. பிறகு ஒரு பெரிய கிளிமீன், பவளத்தை நறநறவென்று கடித்து மணலாகக் கழிக்கிறது. சத்தம்கூடக் கேட்கிறது.

"இத மார்க்கெட்ல வெச்சிருப்பாங்களே... உயிரோட இருக்கும்போது இவ்ளோ கலரா?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம், "இவங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போயிட்டா நீ கரையில தனியாவா உக்காந்திருப்ப?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. மிதந்து பாக்குற நேரம் போக, கரையிலதான்."

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு போடு. தண்ணியில காலை வைக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். நீ தனியா உக்காந்திருக்க வேணாம்."

கணவர் ஒன்றும் பேசாமல் மூன்றை நான்காக மாற்றினார். இருபது வருடங்களுக்கு மேல் கடலைப் பார்க்காத அம்மா, முழு வங்கக்கடலையும் தாண்டி வரப்போகிறார்.

ஜன்னல் சீட் மட்டும் வேண்டாமாம். கீழே தண்ணீர் தெரியுமாம். அதை மகள் எடுத்துக்கொண்டாள்.