அத்தையின் கூக்குரல்

கூச்சலிடும் வகுப்பை ஒரே பார்வையில் அடக்கிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைப் போக்கியவள் என் அத்தை.

அத்தைக்கு வயது 82. மறதி நோய் முற்றிவிட்டது. 1906-ஆம் வருஷத்தில் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் முதன்முதலாக எடுத்துரைத்தாரே, அதே வியாதிதான். வீட்டில் நானும் மனைவியும் உத்தியோகத்துக்குப் போகிறவர்கள். ஆகவே தென்காசியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்த்தோம்.

ஒரு மாதத்துக்குள் புகார் வந்தது. "குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறாங்க, கடிக்கிறாங்க, ஸார்!"

நேரில் போய்ப் பார்த்தேன். பணிப்பெண் ஒருத்தி கைகளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி தலையில் தண்ணீரைக் கொட்டினாள். "ஐயோ, கொல்லுதாங்களே!" என்று அத்தை அலறினாள். எனக்குக் கோபம் பொங்கிற்று. ஆனால் அந்தப் பெண்ணின் முழங்கையில் பல் பதிந்திருந்ததைக் கண்டதும் வாயடைத்துப் போனேன். இருபது முதியோருக்கு அவர்கள் இரண்டே பேர்.

மூத்தவள் கேட்டாள்: "ஆச்சி முன்னே எப்படிக் குளிப்பாங்க, ஸார்?"

சொன்னேன். சாரல் தொடங்கிவிட்டால் அத்தையை வீட்டில் நிறுத்த முடியாது, குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவாள். முதலில் தலைக்கு எண்ணெய். பிறகு ஓடும் நீரில் வெகுநேரம் கால் நனைத்து நிற்பாள். அப்புறந்தான் அருவிக்குள் தலையைக் கொடுப்பாள்.

"இதைச் சேர்க்கிற அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ஸார்!"

உண்மைதான். பெயர், வயது, வியாதி, பணம் கட்டுகிறவர் விலாசம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அத்தை யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து எண்ணெய் தடவி, "குத்தாலத்துக்குப் போவோமா, ஆச்சி?" என்று கேட்டு, பாதத்திலிருந்து வெந்நீர் வார்த்தார்கள், தலைக்குக் கடைசியில். இப்போதும் சில நாள் கூச்சல் உண்டு. கடிப்பது நின்றுவிட்டது.

டாம் கிட்வுட் என்னும் ஆங்கில மனோதத்துவ அறிஞர் 1997-இல் எழுதிய நூலில், இத்தகைய முதியோரின் போக்குக்கு மூளையின் கோளாறு மட்டும் காரணமன்று, சுற்றியிருப்போர் அவர்களை நடத்தும் விதமும் காரணம் என்கிறார். யாரென்றே தெரியாதவர்கள் கையைப் பிடித்துத் தலையில் தண்ணீரைக் கொட்டினால், நீங்களும் நானும் கடிக்க மாட்டோமா?

உங்கள் வீட்டுப் பெரியவரை எங்கேனும் சேர்க்க நேரிட்டால், மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் கொடுங்கள். எப்படி அழைத்தால் திரும்புவார், எப்படிக் குளிப்பார், எதற்கு அஞ்சுவார் என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். அவர் மறந்துவிட்டதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?