தலையெழுத்தும் கையெழுத்தும்

கல்விக்கென்று ஒரு தெய்வம் உண்டாம். வெள்ளைத் தாமரையிலே வீற்றிருக்கிறாளாம், வீணை மீட்டுகிறாளாம். ஆண்டுக்கொரு நாள் அவள் பெயரால் ஏடுகளை அடுக்கிப் பொட்டிட்டு, அன்று அவற்றைத் தொடவும் கூடாதென்று பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். ஆண்டு முழுதுமே ஏட்டைத் தொடப் பொழுதில்லாத பிள்ளைகள் இந்நாட்டில் உண்டே, அவர்களைப் பற்றிய கவலை அந்த அம்மைக்கும் இல்லை. படையல் வைப்போருக்கும் இல்லை!

சோமனூர்ப் பக்கம், விசைத்தறி ஓசை ஓயாத ஊரொன்றில் ஆசிரியப் பணி புரிகிறேன். என் வகுப்பிலே ஒரு சிறுமி. மனக்கணக்கில் மின்னல், பாடநூலை விரித்தாலோ எழுத்தெழுத்தாய்த் தடுமாறுவாள். காரணம் அறிய வீடு சென்றேன். தந்தை தறி ஓட்டுகிறார். தாய் தார் சுற்றுகிறார். மாலை முழுதும் கைக்குழந்தையான தம்பி இவள் இடுப்பிலே.

"படிப்பு எங்க தலையில எழுதலீங்க டீச்சர்" என்றார் தந்தை. சினத்தோடு அல்ல, அமைதியாக. அந்த அமைதிதான் என்னைச் சுட்டது.

தலையில் எழுதியவன் யார்? ஆண்டவனா? அல்ல, ஆண்டவர்கள்! 1953-இல் இராசாசி ஆட்சி, கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி, எஞ்சிய பொழுதில் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியார் கொதித்தெழுந்தார், நாடு கொதித்தது. 1954-இல் இராசாசி பதவி விலகினார்; காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. திட்டம் ஒழிந்தது, ஆனால் அன்று அரசாணை பறித்த பொழுதை இன்று வறுமை பறிக்கிறது!

வயிற்றுப் பசிக்கு வழி கண்டோம்: 1956-இல் மதிய உணவு, 2022-இல் காலை உணவு. பறிபோன பொழுதை மீட்க, 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளைத் தெருவுக்கே கொண்டு வந்தது. நூல்களும் உண்டு. கொங்கு நாட்டவரான அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராய் இருந்து 1948-இல் கொண்டுவந்த நூலகச் சட்டத்தால், சொத்து வரியோடு நூலக வரியும் திரட்டப்படுகிறது. அவர் நம் முகாமினர் அல்லர். ஆயினும் நன்மையை நன்மை என்பதே பகுத்தறிவு.

நூல் இருக்கிறது, பிள்ளை இருக்கிறாள். இரண்டையும் இணைக்கும் ஆள் எங்கே?

"தம்பியையும் தூக்கிக்கொண்டு வா" என்றேன் சிறுமியிடம். மாலையில் ஒரு மணி நேரம், பள்ளித் திண்ணையிலே. தெருவிலுள்ள பட்டதாரி இளைஞர் இருவர் துணை நின்றனர். ஒருவர் குழந்தைக்கு வேடிக்கை காட்ட, மற்றவர் அவள் படிப்பதைப் பொறுமையாகக் கேட்டார். அவ்வளவுதான், வேறு மந்திரமில்லை. சில திங்களில் தந்தையின் கூலிக் கணக்குச் சீட்டை அவளே படித்துச் சொன்னாள். இரண்டு நாள் கூலி விடுபட்டிருந்தது. மறுநாள் தந்தை கேட்டார், கிடைத்தது.

தோழர்களே! மேடை வேண்டும், முழக்கம் வேண்டும், மறுக்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதும் வேண்டும். தறிக்கூடத் தெருவிலே ஒரு பாய் விரியுங்கள். ஒரு பிள்ளை படிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தலையெழுத்து என்ற பொய்யை அழிக்கக் கையெழுத்தே கருவி!