நீதிபதியின் ஓய்வு

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஓய்வு வயது கிடையாது. 1981-இல் அங்கே முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர் 75 வயதில் தானாகவே விலகல் கடிதம் கொடுத்தார். கணவர் ஜானுக்கு அல்சைமர் என்னும் மறதிநோய். வீட்டில் தனியே விட முடியாமல் நீதிமன்ற அறைக்கே அவரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர் அவர்.

அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை ஓ'கானர் பணியில் நீடித்தார்; அதற்கு 2006 ஜனவரி ஆகிவிட்டது. நோய் அதுவரை காத்திருக்குமா?

கூடவே இருந்து பார்த்துக்கொள்ளத்தான் பதவியை விட்டார். கொஞ்ச நாளிலேயே ஜானைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே இன்னொரு பெண்மணியிடம் அவர் மனதைப் பறிகொடுத்தார். இருவரும் ஊஞ்சலில் கைகோத்து உட்கார்ந்திருப்பார்கள். வாடிக் கிடந்த மனிதர் நிம்மதியாக இருக்கிறாரே என்று அம்மாவுக்குச் சந்தோஷம்தான் என மகன் 2007-இல் தொலைக்காட்சியில் சொன்னார். (நம் வீடுகளில் இதை வெளியே சொல்வோமா?)

2009-இல் ஜான் இறந்தார். 2018-இல் தனக்கும் மறதிநோய் வந்திருப்பதை ஓ'கானர் பொதுக் கடிதம் எழுதி அறிவித்தார்.