எலிக்காரம்மா

எங்கள் வைரஸ் ஆய்வகத்தில் நடந்த என் பணி ஓய்வு விழாவில் பேசிய தம்பி ஒருவர், "பிசிஆர் வருவதற்கு முன்னால் மேடம் இங்கே எலி வளர்த்துக்கொண்டிருந்தார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எலிகளுக்கு ஒரு கதை உண்டு.

டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் 1930-ல் அடுத்தடுத்துப் பலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்ததை சில்வெஸ்ட் என்ற மருத்துவர் விரிவாக எழுதிவைத்தார். நோய்க்கு அந்தத் தீவின் பெயரே நிலைத்தது. அமெரிக்காவில் அதைப் பேய்ப்பிடி என்றார்கள். பெயர் கிடைத்தும் காரணம் பிடிபடவில்லை. 1948-ல் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கிள்ஸும் நியூயார்க் மாநிலத்துக் காக்ஸாக்கி ஊர்ப் பிள்ளைகளின் மலத்திலிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்த பிறகுதான் வழி திறந்தது. அதைக் காட்டிக்கொடுத்தவை பால்குடி மறவாத சுண்டெலிக் குட்டிகள். வளர்ந்த எலியை அந்த வைரஸ் பொதுவாக ஒன்றும் செய்யாது.

நோயாளியின் மாதிரியைக் குட்டிக்கு ஊசி போடுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தாயெலியைச் சமாளிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. வேற்று வாசனை பட்டால் தன் குட்டிகளையே தின்றுவிடும். முதல் மாதம் காலையில் கூண்டைத் திறந்தால் பாதிக் குட்டிகள் இருக்காது. எனக்குத் தொழில் சொல்லித்தந்த அக்கா திட்டவில்லை. என் தலையிலிருந்த மல்லிகையைக் காட்டி, "இதை வெளியே வைத்துவிட்டு வா" என்றார். பூ, பவுடர், வாசனை சோப்பு எல்லாம் நின்றன. தாயை முதலில் வேறு கூண்டுக்கு மாற்றுவார். அதன் படுக்கைத் தூளை அள்ளிக் கையுறையில் தேய்த்துக்கொண்டுதான் குட்டியைத் தொடுவார். எல்லாக் குட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்து மூடிவைத்த பிறகே தாய் உள்ளே போகும். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

ஒருமுறை ஒரு மாணவியர் விடுதியிலிருந்து மாதிரிகள் வந்தன. மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி குத்துவதுபோல் வலி, கால் மணி, அரை மணி நேரத்தில் தணிந்து, மறுபடியும் வலி. ஈசிஜி, எக்ஸ்ரே இரண்டிலும் ஒன்றுமில்லை. "நெஞ்சுவலிக்கு மலம் எதற்கு?" என்று வாங்குமிடத்திலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அக்கா ஓடிப்போய் வாங்கிவந்தார். ஆறாம் நாள் ஒரு குட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். நடுங்கியது, பின்னங்கால் விறைத்திருந்தது. காக்ஸாக்கி வைரஸில் ஏ குழு என்றால் குட்டி ஈரத்துணிபோலத் துவண்டு கிடக்கும். "பி குழு மாதிரி இருக்கிறது" என்று அன்றைக்கே வார்டுக்குப் போன் செய்தார். எந்த வகை என்று உறுதிசெய்யப் பல வாரம் ஆனது. ஆனால் அந்த ஒரு போனால், அடுத்து அதே வலியோடு வந்த பெண்ணை மாரடைப்போ என்று யாரும் பயமுறுத்தவில்லை. இதயத்தையும் இந்த வைரஸ் தொடலாம் என்பதால் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள்.

குட்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அத்தனை உயிர் போனது எனக்கும் வலிதான். பிசிஆர் சில மணி நேரத்தில் சொல்கிறது, நல்லது. ஆனால் காக்ஸாக்கியும் அடங்கும் இனத்தின் பெயரில் 'என்டெரோவைரஸ் பாசிட்டிவ்' என்றதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். எந்த வகை என்று பார்ப்பதில்லை. குணமான பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வரும். பாசிட்டிவ் என்பதாலேயே இந்த வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மாதிரியோடு வரும் தாளில் 'காய்ச்சல்' என்ற ஒரே சொல். வலி எந்தப் பக்கம், என்றைக்குத் தொடங்கியது, அதே அறையில் இன்னும் எத்தனை பேருக்கு? அக்கா இருந்தால் இந்நேரம் வார்டுக்குப் போன் செய்திருப்பார். இப்போதும் அதே மேசையில்தான் அந்தப் போன் இருக்கிறது.